கப்கேக்குக்குள்ள குசும்பு வெக்கோணும்: தொக்கு எண்ணெய் கக்குது, நடுவுல குழி விழுகுது, என்ன பண்றதுங்க?

சந்தவைக்கட்டை (கோபி):

ஏப்ரல் 1க்கு 24 கப்கேக் பண்ணோணுங்க. பார்வைக்கு வெனிலா கப்கேக், மேல பட்டர்க்ரீம் சுருள், உச்சியில ஒரு ஜெம்ஸ். கடிச்சா உள்ளுக்குள்ள வேற சரக்கு. சாப்பிடப் போறது பெரியவங்க 12 பேரு, பசங்க 6 பேரு. சின்னவனுக்கு 7 வயசு. ரெண்டு பேரு முட்டை சேத்துக்க மாட்டாங்க.

கையில இருக்கறது 28 லிட்டர் ஓடிஜி (கரண்டு பேக்கிங் அடுப்பு), ஆறு குழி டிரே ரெண்டு, அடி 5 சென்டிமீட்டர் காயிதக் கப்பு, க்ரீம் சுத்தற பெரிய ஸ்டார் நாசில் ஒண்ணு.

சோதனைக்கு ஆறு போட்டதுல வந்த கோளாறு இது: பாதி மாவு ஊத்தி, நடுவுல ஒரு ஸ்பூன் பச்சமொளகாத் தொக்கு வெச்சு, மிச்ச மாவை மேல ஊத்தி 180 டிகிரியில 20 நிமிசம். தொக்கு அடியில போயி உக்காந்துருச்சு. மேல குழி. தொக்கைச் சுத்தி மாவு வேகாம களியாட்டம் நிக்குது. காயிதத்துல எண்ணெய் ஊறி, கடிக்கறதுக்கு முந்தியே குட்டு வெளிய வந்துருது. பட்டர்க்ரீம் பத்து நிமிசத்துல வழியுது. மத்தியானம் ஊட்டுக்குள்ளயே 35 டிகிரி காட்டுது.

தொக்கேதான் வேணும்னு இல்லீங்க. என்ன வெக்கலாம், எவ்வளவு வெக்கோணும், எந்நேரத்துக்கு வெக்கோணும்னு அளவோட சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகும்.


பட்டறைக்காரன் (பல்லடம்):

வேகறதுக்கு முந்தி உள்ள எதையும் வெக்காதீங்க அம்மிணி. உங்க கோளாறுல பாதி அதுலயே தீந்துரும். கேக்கு மாவு கட்டறதுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். தொக்கு மாவைவிடக் கனம், அந்த நேரத்துக்குள்ள அடிக்கு இறங்கிரும். அதுல இருக்கற தண்ணி ஆவியாகி அக்கம்பக்கத்து மாவையும் நனைச்சு வெக்கறதால அந்த இடம் களியாவே நிக்குது. மேல குழி விழுகறதும் அதனாலதான், தாங்கறதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. வெறும் கேக்கா வேகவெச்சு, ஆறவெச்சு, நடுவுல தோண்டி வையுங்க.

அடுத்தது, முட்டை சேக்காத ரெண்டு பேருக்குன்னு தனியா ரெண்டு பண்ண வேண்டாம். டிரே மாறும், கை மாறும். நாமக்கல்லை பக்கத்துல வெச்சுக்கிட்டு முட்டையில்லாத கேக்கான்னு கேக்காதீங்க, 24ம் முட்டையில்லாமலே போட்டுருங்க.

12 கப்புக்கு அளவு: மைதா 190 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 240 கிராம், பொடிச்ச சர்க்கரை 150 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 100 மில்லி, பேக்கிங் பவுடர் ஒண்ணேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. காங்கேயத்துச் செக்குத் தேங்காயெண்ணெய் ஊட்டுல இருந்தா அது பொரியலுக்கே இருக்கட்டும். இதுல ஊத்துனா வெனிலா வாசத்தை அமுக்கிப்போடும்.

மைதா, சோடா, பவுடர் மூணையும் ஒண்ணாச் சேத்து மூணு தடவை சலிச்சு வையுங்க. தயிர், சர்க்கரை, எண்ணெய், வெனிலா தனியா. தயிரும் சோடாவும் சேந்த நிமிசமே நுரைக்க ஆரம்பிச்சுரும், அந்தக் காத்து வெளிய போறதுக்குள்ள கேக்கு அடுப்புக்குள்ள இருக்கோணும். உங்க ஓடிஜியில ஒரு நேரத்துக்கு ஒரு டிரேதான் சீரா வேகும். 12க்குக் கலக்கி வெச்சு ஆறை வேகவெச்சா, காத்திருக்கற ஆறு தட்டையா வரும். அதனால 24க்கும் சேத்து ரெண்டு மடங்கா அளந்த காஞ்ச மாவையும் தயிர்க் கலவையையும் நாலு பங்காப் பிரிச்சு வெச்சுக்கிட்டு, டிரே உள்ள போகறப்ப மட்டும் ஒரு பங்கைக் கலக்குங்க. மாவு நனைஞ்சு மறையற அளவுக்குக் கலக்குனாப் போதும். அதுக்கு மேல அடிச்சா ரப்பராட்டம் இழுக்கும்.

கப்புக்கு 50 முதல் 55 கிராம் மாவு, முக்கால் உசரத்துக்குக் கீழ நிக்கோணும். 175 டிகிரியில மேல் கீழ் ரெண்டு கம்பியும் போட்டு, நடுத்தட்டுல 20 முதல் 22 நிமிசம். முதல் கால் மணி நேரம் கதவைத் திறக்காதீங்க. நடுவுல கரண்டு போனாலும் அதேதான், சூடு உள்ள நிக்கட்டும். வெந்ததும் டிரேயில 5 நிமிசம், அப்புறம் கம்பித் தட்டுல ஒரு மணி நேரம். சூட்டோட டப்பாவுல அடைச்சா ஆவி வேர்த்துக் காயிதம் கழண்டுக்கும்.

தோண்டறது இப்பிடி. முட்டையில்லாத கேக்கு பொலபொலன்னு இருக்கும், அதனால தோண்டறதுக்கு முந்தி அரை மணி நேரம் ஃபிரிட்ஜுல வெச்சு இறுக்கிக்கோணும். ஸ்டார் நாசிலைத் தலைகீழாப் புடிச்சு, அகலமான வாயை கேக்கு நடுவுல வெச்சு, அழுத்தாம திருகிக்கிட்டே இறக்குங்க. ரெண்டரை சென்டிமீட்டர் ஆழம் போனா நிறுத்திருங்க, அடியில ஒரு சென்டிமீட்டர் கேக்கு மிச்சம் இருக்கோணும். நாசிலைத் தூக்குனா உருளையா ஒரு துண்டு அதுக்குள்ளயே வரும். அதுல மேல் அரை சென்டிமீட்டரை மட்டும் கத்தியில வெட்டி எடுத்து வையுங்க, அது மூடி. மிச்சத்தைப் பசங்க திம்பாங்க.

குழிக்குள்ள ஒன்றரை டீஸ்பூன், அதாவது 7 முதல் 8 கிராம் சரக்குத்தான் புடிக்கும். 24க்கு 200 கிராம் இருந்தாத் தாராளம். அமுக்கி நெப்பாதீங்க, கேக்கு பக்கவாட்டுல வெடிக்கும்.

எண்ணெய் ஊறாம இருக்க ரெண்டு காப்பு இருக்குது. வெள்ளைக் காம்பவுண்ட் சாக்லேட் 100 கிராமை உருக்கி, ஆற விட்டு, சின்னப் பிரஷ்ஷுல குழியோட உள்சுவரு முழுக்கத் தடவுங்க. ஃபிரிட்ஜுல 5 நிமிசத்துல இறுகிரும். வெனிலா கேக்குல வெள்ளை சாக்லேட் கண்ணுக்குத் தெரியாது, கறுப்பு தெரியும். இன்னொண்ணு பொட்டுக்கடலை மாவு. 100 கிராம் தொக்குக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கலந்து பத்து நிமிசம் விட்டா எண்ணெயையும் ஈரத்தையும் அதுவே குடிச்சுக்கும். சரியா இருக்குதான்னு பாக்க, ஒரு ஸ்பூன் தொக்கை டிஷ்யூ காயிதத்து மேல கால் மணி நேரம் வெச்சுப் பாருங்க. சுத்தியும் ஈர வளையம் விழுந்தா இன்னும் அரை ஸ்பூன் மாவு. வளையம் இல்லைன்னா கேக்குலயும் ஊறாது.

இப்ப என்ன வெக்கறதுன்னு. என்னைக் கேட்டா தொக்கைவிடப் புளிதான் நல்ல சரக்கு. புளி 75 கிராமை 200 மில்லி சுடுதண்ணியில ஊறவெச்சுக் கெட்டியாக் கரைச்சு வடிகட்டுங்க. நாட்டுச்சர்க்கரை 120 கிராம், உப்பு அரை டீஸ்பூன், மொளகாத்தூள் கால் டீஸ்பூன், சுக்குப்பொடி ஒரு சிட்டிகை. கவுந்தப்பாடிச் சர்க்கரையா இருந்தா நெறம் அருமையா வரும். மண்ணு, தூசி இருக்கும்கறதால சர்க்கரையையும் கரைச்சு வடிகட்டித்தான் சேக்கோணும். எவர்சில்வர் சட்டியில சின்னத் தீயில கிண்டுங்க. அலுமினியத்துல வேண்டாம், புளி அதைத் திங்கும். கரண்டியில எடுத்துத் தட்டுல ஒரு சொட்டு வெச்சு சாய்ச்சா ஓடாம நிக்கோணும், அப்ப இறக்கிருங்க. ஆறுனா இன்னும் இறுகும். அதனால "இன்னும் சித்தெ கெட்டியாகட்டும்"னு விட்டீங்கன்னா புளிமுட்டாயி ஆயிரும், பல்லுல ஒட்டும்.

பாக்கறதுக்கு அது அசல் கேரமல். கடிக்கறவன் நாக்கு இனிப்புக்குத் தயாரா நிக்கும், புளிப்பு சுருக்குன்னு ஏறும். மூஞ்சி சுருங்கும், ஆனா கீழ வெக்க மாட்டான், முழுசாத் தின்னுபோடுவான். துப்ப வெக்கற சரக்கு எதுக்குங்க, மாவுக்கும் எண்ணெய்க்கும் கேடு. புளிப்பும் சர்க்கரையும் இருக்கறதால நாள் பூரா வெளிய இருந்தாலும் கெடாது. பாலு மட்டும் கலந்துராதீங்க, திரிஞ்சுபோகும்.


வெண்ணெய்த்தாழி (ஊத்துக்குளி):

க்ரீம் வழியற சங்கதிக்கு வாரனுங்க. வெண்ணெய் 32 டிகிரி தாண்டுனாவே உருக ஆரம்பிக்கும். உங்க ஊட்டுல 35ன்னா அது நிக்காததுல அதிசயம் இல்ல, அடிக்கறதுல ஒரு தப்பும் இல்ல.

வெண்ணெயில பாதியை டால்டாவா மாத்துங்க. 12 கேக்குக்கு உப்பில்லாத வெண்ணெய் 60 கிராம், டால்டா 60 கிராம், ஐசிங் சர்க்கரை 240 கிராம், சோளமாவு ஒரு டேபிள்ஸ்பூன், வெனிலா அரை டீஸ்பூன். பாலு ஊத்தாதீங்க. டால்டா உருக வெண்ணெயைவிட எச்சாச் சூடு வேணும், அதனால சுருள் வரி அழியாம நிக்கும். ஒரு குறை, டால்டா வாயில சித்தெ மெழுகாட்டம் ஒட்டும். அதுக்காகத்தான் முழுசா மாத்தச் சொல்லலை. ஒரு கேக்குக்கு 30 கிராம் போதும்.

எங்கூரு வெள்ளை வெண்ணெய் போட்டா க்ரீம் வெள்ளைவெளேர்னு வரும், ஆனா அதுல மோரு தங்கியிருக்கும். ஐஸ் தண்ணியில போட்டு, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் பிசைஞ்சு கழுவி, துணியில ஒத்திப்போட்டுத்தான் அடிக்கோணும். இல்லாட்டி சர்க்கரை சேத்ததும் தண்ணி விட்டுத் திரிதிரியாப் போகும். உப்பு வெண்ணெய் வாங்கிராதீங்க, க்ரீமே உப்புக் கரிச்சா உள்ள இருக்கற சரக்குக்கு வேலை இல்ல.

இன்னொரு வழியும் இருக்குதுங்க: க்ரீமே போடாம உருளைக்கிழங்கை க்ரீமாட்டம் சுத்தி விடறது. அது எந்த வெயிலுக்கும் உருகாது. பேருலயே சந்தவைக்கட்டை (இடியாப்பம் புழியற கட்டை) வெச்சிருக்கறீங்க, உங்களுக்குச் சுலுவு. பழைய உருளை அரைக் கிலோவைத் தோலோட வேகவெச்சு, சூடா இருக்கறப்பவே உரிச்சு, சந்தவைக் கட்டையில சின்னக் கண்ணு அச்சுல போட்டுப் புழியுங்க. 35 கிராம் வெண்ணெய், 60 மில்லி சூடான பாலு, உப்பு அரை டீஸ்பூன் சேத்து மரக்கரண்டியில மடிச்சு விடுங்க. மிக்ஸியில போட்டீங்கன்னா கெட்டுது காரியம். பிளேடு மாவுச்சத்தை உடைச்சுவிட்டு, சுவரொட்டி ஒட்டற பசையாட்டம் இழுக்கும். அப்புறம் ஒரு தடவை சல்லடையில தேய்ச்சு எடுத்தா நாசில் அடைக்காது. 12 கேக்குக்கு இது சரியா வரும். மஞ்சத்தூள் ஒரு கிள்ளு போட்டா எலுமிச்சைக் க்ரீம் நெறம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, அது இதுக்காக இல்லைதான்.


பட்டறைக்காரன் (பல்லடம்):

உருளை க்ரீம் நல்ல ஐடியாதான், ஆனா உள்ள புளி வெச்ச கேக்கு மேல வேண்டாம். பசங்க மொதல்ல க்ரீமைத்தான் நக்குவாங்க. நக்குன உடனே உப்பு தெரிஞ்சு உசாராயிருவாங்க, உள்ள வெச்சது வீணு. ஒரு கேக்குக்கு ஒரு குசும்பு. உருளைக்குன்னு ஒரு ஆறை ஒதுக்கி, அதுல உள்ள ஒண்ணும் வெக்காம விட்டுருங்க.


லொள்ளு சபாபதி (சித்தோடு):

புளி, மொளகா, இதெல்லாம் எதுக்குங்க இவ்வளவு பாடு. உள்ள உப்புமா வையுங்க. கேக்குன்னு ஆசையாக் கடிச்சு உள்ள உப்புமாவைப் பாக்கறவன் மூஞ்சி ஒண்ணே போதும், வேற காரமே தேவையில்ல.

வெளையாட்டுக்குச் சொல்லலை, அளவும் இருக்குது. வறுத்த ரவை 50 கிராமுக்குத் தண்ணி 130 மில்லி, நெய் ரெண்டு டீஸ்பூன், கடுகு, கறிவேப்பிலை பொடிசா. வெங்காயம் வேண்டாம், தண்ணி விடும். தண்ணி கொறைச்சலா வெச்சா உதிரியாகிக் கடிக்கறப்பக் கொட்டும். கொஞ்சம் குழைவா இருந்தாத்தான் குழிக்குள்ள அமர்ந்து, ஆறுனா கேக்கோட ஒட்டி நிக்கும். இந்த அளவு 24க்குக் காணும். வெதுவெதுப்பா இருக்கறப்பவே அடைச்சுருங்க. ஆனா க்ரீமைச் சுத்தறது முழுசா ஆறுன பொறவுதான்.


கைராசி (ஈரோடு):

எல்லாரும் ருசி சொல்லிட்டீங்க. நான் செய்யக்கூடாததைச் சொல்றேன், ஏன்னா வருசா வருசம் இந்த ஏப்ரல் 1க்கு வீடியோ பாத்துட்டுக் கண்டதையும் வெக்கறாங்க.

டூத்பேஸ்ட், சோப்பு நுரை, ஷேவிங் க்ரீம், பேதி மாத்திரை, எந்த மருந்தும், இதெல்லாம் குசும்பு இல்லைங்க, கேஸு. சமையலறையில இல்லாத எதுவும் கேக்குக்குள்ள போகக்கூடாது. பஞ்சு உருண்டை, பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்சு மேல க்ரீம் தடவி வெக்கறதும் வேண்டாம். பசங்க பாக்காம ஒரு வாய் கடிச்சு முழுங்குனா தொண்டையில நிக்கும். காசு, பிளாஸ்டிக் பொம்மை, முழு மிளகு, முழுக் கல்லக்காய் (நிலக்கடலை) எதுவுமே உள்ள வேண்டாம். மென்னா வாயிலேயே குழையற சரக்கு மட்டும்.

ஒவ்வாமை இருக்கறவங்களுக்கு ஒளிச்சு வெச்ச சரக்கு உசுருக்கே ஆபத்து. கல்லக்காய், முந்திரி, எள்ளு, பாலு, முட்டை, கோதுமை, இந்த ஆறுல ஏதாச்சும் யாருக்காச்சும் ஆகாதான்னு முன்கூட்டியே கேட்டுக்குங்க. பசங்கன்னா அவங்க அம்மாகிட்டக் கேக்கோணும், பசங்ககிட்ட இல்ல. "சும்மா கேக்கு போடறேன், என்ன ஆகாது?"ன்னு கேட்டாப் போதும், குட்டு வெளிய வராது. உங்க கேக்குலயே கோதுமையும் தயிரும் இருக்குதுங்கறதையும், உருளைக் க்ரீமுல பாலு இருக்குதுங்கறதையும் மறந்துராதீங்க. கல்லக்காய்ச் சட்னி உள்ள வெக்கலாம்னு யாராச்சும் சொன்னா வேண்டாம்னுருங்க.

மொளகா சரக்கு பசங்களுக்கு வேண்டாம். குடல்புண்ணு, ஆஸ்துமா இருக்கற பெரியவங்களுக்கும் வேண்டாம். பெரியவங்களுக்கு வெச்சாலும் ஒரு கேக்குக்குக் கால் மொளகாய்க்கு மேல போகாதீங்க, மிச்சத்துக்குக் குடமொளகாயும் கொத்தமல்லியும் வதக்கிச் சேத்துக்குங்க. பச்சை நெறம் அப்பிடியே இருக்கும், காரம் அடங்கி வரும். மொளகாக் காரம் தண்ணியில கரையாது, கொழுப்புலதான் கரையும். அதனால பக்கத்துல தண்ணி வெக்காதீங்க, கெட்டித் தயிரோ பாலோ வையுங்க. க்ரீமோட கொழுப்புலயே காரம் கொஞ்சம் மாட்டிக்கறதால கடிச்ச உடனே தெரியாது, ரெண்டு மூணு தடவை மென்ன பொறவுதான் ஏறும். "ஒண்ணும் காரமில்லையே"ன்னு ரெண்டாவது கேக்கை எடுக்கறவங்களை அங்கயே நிறுத்திருங்க.

மயோனைஸைக் கஸ்டர்டாட்டம் வெக்கறதும் ஒரு பழக்கம். பச்சை முட்டையில பண்ற மயோனைஸுக்குத் தமிழ்நாட்டுல 2025 ஏப்ரல் 8ல இருந்து ஒரு வருசத்துக்குத் தடை போட்டாங்க. வேகாத முட்டையில கிருமி இருந்தா வெயிலுக்குச் சீக்கிரம் பெருகும்கறதுதான் காரணம். வெக்கறதுன்னா முட்டையில்லாத பாக்கெட்டு மயோனைஸ்.

நேரக் கணக்கு முக்கியமுங்க. உருளை, உப்புமா, சட்னி வெச்ச கேக்கு வெளிய 2 மணி நேரத்துக்கு மேல இருக்கக்கூடாது. 32 டிகிரிக்கு மேல வெயிலுன்னா ஒரு மணி நேரந்தான். உங்க ஊட்டுல 35 டிகிரி, அதனால ஒரு மணி நேரம்னே வெச்சுக்குங்க. வெந்த ரவையும் சோறும் பாக்க நல்லா இருந்தாலும் உள்ள கிருமி வளந்திருக்கும், மறுக்காச் சூடு பண்ணுனாலும் அது விட்ட விசம் போகாது. மிச்சமானதை எடுத்து வெக்காமக் கொட்டிருங்க. புளிச் சரக்குக்கு மட்டுந்தான் இந்தக் கவலை இல்ல.


சந்தவைக்கட்டை (கோபி):

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பட்டறைக்காரண்ணா சொன்னபடி ஆறு போட்டுப் பாத்தனுங்க, குழி விழுகலை, எண்ணெயும் ஊறலை. முடிவு இப்பிடி: 10 புளி, 4 உப்புமா, 4 உருளை, மிச்ச 6ல உள்ள ஜெம்ஸ், அது பசங்களுக்கு.

மூணு சந்தேகம். ஒண்ணு, கேக்கு மஞ்சளா இருக்கட்டும்னு மாவுல ஒரு கிள்ளு மஞ்சத்தூள் போட்டேன், வெந்து வந்தப்ப அங்கங்க செவப்புப் புள்ளி. ஏனுங்க? ரெண்டு, ஜெம்ஸ் வெச்ச ஒண்ணை ராத்திரி விட்டுப் பாத்தா கலரு கேக்குல ஊறிக் கோலம் போட்டிருக்குது. மூணு, எது எதுன்னு எனக்கு மட்டும் தெரியற மாதிரி அடையாளம் எப்பிடி வெக்கறது? மேல இருக்கற ஜெம்ஸ் கலரை மாத்தி வெச்சாப் போதுங்களா?


பட்டறைக்காரன் (பல்லடம்):

செவப்புப் புள்ளி சோடா வேலை. மஞ்சளோட சோடா மாதிரிக் காரப்பொருள் சேந்தா செவக்கும். சுண்ணாம்பும் மஞ்சளும் சேத்தா ஆரத்தித் தண்ணி செவக்குதே, அதே சமாச்சாரம். சோடா சின்னக் கட்டியா நின்ன இடத்துலதான் புள்ளி விழுந்திருக்கும். மூணு தடவை சலிக்கச் சொன்னது அதுக்குந்தான். கெடுதல் ஒண்ணுமில்ல, ஆனா பார்வைக்கு மாட்டிக்குவீங்க. கேக்கு மஞ்சளாகோணும்னா அந்தக் கிள்ளை எண்ணெயில கலந்துவிட்டு, சோடாவை நல்லாச் சலிச்சுப் போடுங்க. கடைவீதியில பொட்டலம் கட்டி விக்கற கலர்ப்பொடி மட்டும் வேண்டாம். நம்ம நாட்டு விதிப்படி எட்டே எட்டு செயற்கை நெறந்தான் சாப்பாட்டுல அனுமதி. பொட்டலத்துல எது இருக்குதுன்னு சொல்ல ஆளில்ல.

ஜெம்ஸுக்கு ஈரம் ஆகாது. மேல பூசுன சர்க்கரைத் தோலு, கேக்கோட ஈரத்துலயே கரையும். வெள்ளை சாக்லேட் காப்பு அதுக்கும் தடவுங்க, பரிமாற ஒரு மணி நேரம் முந்தி போடுங்க. குழிக்கு ஏழெட்டுத்தான் புடிக்கும். இன்னும் எச்சாக் கொட்டோணும்னா சின்ன கலர் ஜீரகமுட்டாயி போட்டுக்குங்க. வெட்டுனா பொலபொலன்னு சரியும், பாக்கறதுக்கும் அழகு.


வெண்ணெய்த்தாழி (ஊத்துக்குளி):

அடையாளத்துக்கு ஜெம்ஸ் கலரை நம்பாதீங்க. பசங்க கையில கேக்கு போனதும் மொதல்ல பறிக்கறது அதைத்தான், அடுத்தவன் கேக்குலயும் மாத்தி வெச்சுருவாங்க. டப்பாவுல இந்த வரிசை அந்த வரிசைன்னு வெக்கறதும் ஆகாது, யாராச்சும் டப்பாவைத் திருப்பி வெச்சாக் கணக்குப் போச்சு.

காயிதக் கப்போட விளிம்புல கத்திரியில சின்ன வெட்டு வெச்சிருங்க, மாவு ஊத்தறதுக்கு முந்தியே. புளிக்கு ஒரு வெட்டு, உப்புமாவுக்கு ரெண்டு, உருளைக்கு மூணு, ஜெம்ஸுக்கு வெட்டே இல்ல. விளிம்பு மடிப்பு மடிப்பா இருக்கறதால தேடறவனுக்குத்தான் தெரியும். க்ரீமை விளிம்பு வரைக்கும் இழுத்துராதீங்க, ஒரு விரல்நகம் அகலம் விட்டுச் சுத்துங்க.

நேரத்துக்கு: முந்தின நாள் பொழுதோட கேக்கை வேகவெச்சு, ஆறவெச்சு, காத்துப் புகாத டப்பாவுல வெளியவே வையுங்க. ராத்திரி பூரா ஃபிரிட்ஜுல வெச்சாக் கேக்கு வறண்டு போகும். தோண்டறதுக்கு முந்தி அரை மணி நேரம் மட்டும் ஃபிரிட்ஜு. புளிச் சரக்கும் முந்தின நாளே பண்ணிக்கலாம். காலையில தோண்டி, காப்புத் தடவி, புளியை அடைச்சு மூடி போட்டுருங்க. க்ரீமைப் பையில நெப்பி ஃபிரிட்ஜுல வெச்சு, சுத்தறதுக்குக் கால் மணி நேரம் முந்தி வெளிய எடுங்க. உருளையும் உப்புமாவும் பரிமாற ஒரு மணி நேரத்துக்குள்ள.


கைராசி (ஈரோடு):

ஒரு திருத்தமுங்க. ஆகாத பண்டம்னு ஆறு சொன்னேன், சோயாவை விட்டுட்டேன். காம்பவுண்ட் சாக்லேட்டுல சோயா லெசித்தின் இருக்கறதுதான் வழக்கம், பாக்கெட்டுப் பின்னால பாத்துக்குங்க. அதோட ஏழு வயசுக் குட்டிக்கு வெட்டில்லாத கப்பை நீங்களே கையில எடுத்துக் குடுத்துருங்க, தட்டுல இருந்து எடுத்துக்கச் சொல்லாதீங்க.


லொள்ளு சபாபதி (சித்தோடு):

நாலு உப்புமாங்கறது பத்தாது. மீதி ரவையைக் கிண்டித் தனியா ஒரு கிண்ணத்துல வெச்சுக்குங்க, கேக்கு தீந்த பொறவு யாராச்சும் "அந்த உப்புமா இன்னும் இருக்குதா"ம்பாங்க.